மழையில் குறித்து, வெயிலில் இழைத்த மாடிக் கதவு

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 இரவு எங்கள் மொட்டை மாடிக் கதவு திறக்கவில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. அதற்குச் சற்றுத் தெற்கே கடலூரில் இருக்கும் எங்களையும் அது விடவில்லை. பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் இலையெல்லாம் மாடியில் விழுந்து, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை அடைத்துவிட்டது என்பது படிக்கட்டுச் சுவரில் இறங்கிய ஈரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேலே போய் இலையை அள்ளிப் போட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் கதவு ஊறி, நிலையோடு இறுகிக் கிடந்தது. தாழ்ப்பாளின் பிடியைப் பற்றி நானும் அக்கா மகனும் சேர்ந்து இழுத்ததில் பிடி மட்டும் திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினோம். திறந்தபோது மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர், கதவின் நெடுஞ்சட்டத்தில் கடப்பாரை பதிந்த பள்ளம்.

அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோதுதான் இதை ஒழுங்காகச் சரி செய்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். 1998இல் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது மனையில் நின்ற வேம்பை வெட்ட வேண்டியிருந்தது. அந்த மரத்தை அறுத்துக் காயப்போட்டுச் செய்த கதவு இது. நிலை மட்டும் கோங்கு, வெளியில் வாங்கியது. கதவு ஆறே முக்கால் அடி உயரம், இரண்டே முக்கால் அடி அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். இரண்டு பக்கமும் நான்கு அங்குல நெடுஞ்சட்டம், மேலேயும் நடுவிலும் கீழேயுமாக மூன்று குறுக்குச் சட்டம், இடையில் பலகை. பூட்டியே கிடக்கிற கதவும் இல்லை. அம்மா வடாம் போடுவதும் மிளகாய் காயவைப்பதும் மாடியில்தான், தினமும் நாலைந்து தடவை திறந்து மூடுவோம்.

புயலுக்கு மறுநாளே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பிவிசி கதவு போட்டுவிடு என்றார்கள், இரும்புக் கதவு போட்டுவிடு என்றார்கள். பிவிசி கதவு எங்கள் மாடி வெயிலில் சில வருடங்களில் நிறம் மங்கி நொறுங்க ஆரம்பிப்பதைத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கடற்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பதைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேம்பு இருபத்தாறு வருடம் நின்றிருக்கிறது. கரையானும் அதைத் தொடவில்லை. அடிப்பக்கத்தில் ஒரு சாண் பகுதிக்கு வந்த கேட்டுக்காக முழுக் கதவையும் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

உடனே இழைப்புளியை எடுக்கக் கூடாது என்பதை மட்டும் அப்போதே தெரிந்து வைத்திருந்தேன். காரணம், அதற்கு முன் மூன்று தடவை அந்தத் தப்பு நடந்திருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் கதவு பிடிக்கும், யாரையாவது கூப்பிட்டு இழைப்போம், தையில் சந்து விழுந்து காற்று விசிலடிக்கும், அடுத்த ஐப்பசியில் மறுபடியும் பிடிக்கும். மரம் ஊறி உப்பியிருக்கும்போது இழைத்தால் எவ்வளவு எடுக்கிறோம் என்பதற்குக் கணக்கே கிடையாது. அதைவிட முக்கியம், இழைத்த விளிம்பு பெயிண்ட் இல்லாத வெறும் மரமாகத் திறந்து கிடக்கும். மழைக்காலமாதலால் பெயிண்டும் அடிக்க மாட்டோம், வெயில் வந்ததும் மறந்துவிடுவோம். அடுத்த மழைக்கு அந்த விளிம்பு முன்னைவிட வேகமாகத் தண்ணீர் குடிக்கும். கதவு பிடித்ததற்கு இழைத்தோம், இழைத்ததனாலேயே மறுபடி பிடித்தது.

அதனால் டிசம்பரில் செய்தது குறிக்கும் வேலை மட்டும்தான். நிலையின் உள்விளிம்பு முழுக்க நீலச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தித் திறந்தேன். எங்கே நீலம் கதவில் ஒட்டியதோ அங்கே உரசுகிறது. தாழ்ப்பாள் பக்கத்து நெடுஞ்சட்டத்தில் அடியிலிருந்து இரண்டடி உயரம் வரைக்கும் நல்ல அழுத்தமான நீலம், மேல் மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு லேசாக, வேறெங்கும் இல்லை. ஆக, கதவு முழுக்கப் பெருத்துவிட்டது என்று நாங்கள் நினைத்தது தப்பு, பெருத்தது அடிப்பகுதி. ஒட்டிய இடங்களைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். பிடிக்காத இடங்களில் சந்து எவ்வளவு என்று அளக்க ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டின் கனம் 0.76 மி.மீ., நான்கு கார்டு சேர்ந்தால் மூன்று மி.மீ., அதாவது தச்சுக் கணக்கில் ஏறக்குறைய ஒரு நூல் (அங்குலத்துக்கு எட்டு நூல்). வெளிக்கதவுக்குச் சுற்றிலும் ஒரு நூல் சந்து வேண்டும். எங்கள் கதவில் கீல் பக்கம் இரண்டு கார்டு நுழைந்தது, தாழ்ப்பாள் பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்றுகூட இல்லை.

மேல் மூலை ஏன் உரசுகிறது என்பதற்குத் தரை பதில் சொன்னது. படிக்கட்டுத் தளத்தில் கதவு திறக்கும் வழியில் வில் மாதிரி ஒரு கீறல் இருந்தது. மேல் கீலின் திருகாணிகள் பிடிமானம் இழந்து, கதவு தாழ்ப்பாள் பக்கமாகத் தொங்கியிருக்கிறது. தொங்கும் கதவை இழைத்துச் சரி செய்ய முடியாது. கீலை இறுக்கிய பிறகுதான் எவ்வளவு இழைக்க வேண்டும் என்ற பேச்சே வரும்.

எங்கள் தெருவில் தச்சு வேலையை விட்டு ஓய்ந்திருக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அப்பா காலத்திலிருந்து பழக்கம். அவரைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். அவர் முதலில் கேட்டது முகம் பார்க்கும் கண்ணாடி. அதைக் கதவுக்கு அடியில் தரையில் சரித்து வைத்து டார்ச் அடித்தார். "தம்பி, இங்க பாருங்க, அடியில ஒரு சொட்டு பெயிண்ட் கிடையாது. மூஞ்சிக்கு மட்டும் நாலு கோட்டிங் அடிச்சி என்ன பிரயோஜனம்?" என்றார். கண்ணாடியில் பார்த்தால் கறுத்துப் போன வெறும் மரம். இருபத்தாறு வருடமாக அந்தக் கதவுக்கு எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்திருக்கிறோம், ஒரு தடவைகூடக் கழற்றி அடித்ததில்லை, அதனால் அடிவிளிம்பும் மேல்விளிம்பும் பிரஷ்ஷையே பார்த்ததில்லை.

அந்த அடிவிளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மரம் என்பது நெடுக ஓடும் மெல்லிய குழாய்களின் கட்டு. பலகையின் முகத்தில் தண்ணீர் பட்டால் குழாயின் பக்கச் சுவரில் படுகிறது, உள்ளே போக நேரம் எடுக்கும். நெடுஞ்சட்டத்தை வெட்டிய அடிமுனையில் எல்லாக் குழாய் வாயும் திறந்திருக்கிறது, அங்கே பட்ட தண்ணீரை விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மேலே இழுத்துவிடும். முகத்தைவிடப் பல மடங்கு வேகம். உள்ளே போன தண்ணீர் மரத்தை நீளத்தில் பெரிதாக்காது, குறுக்கில்தான் பெருக்கவைக்கும். தேக்கு நிதானமான மரம் என்று பெயர் எடுத்தது, அதுவே பச்சையாக அறுத்ததிலிருந்து முழுக்க உலரும் வரை, வெட்டு முகத்தில் தெரியும் வளர்ச்சி வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம், வளையத்துக்குக் குறுக்கே 2.5 சதவீதம் சுருங்கும். இந்த மாற்றமெல்லாம் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதுதான், அதற்கு மேல் எவ்வளவு ஊறினாலும் மரம் இன்னும் பெருக்காது. எங்கள் கதவில் குறுக்குச் சட்டங்கள் அகலவாக்கில் படுத்திருப்பதால் அவற்றின் நீளம் மாறாது, அகலத்தைக் கூட்டுவது இரண்டு நெடுஞ்சட்டங்கள்தான், நான்கும் நான்கும் எட்டு அங்குலம். தேக்கின் கணக்கையே வைத்துக்கொண்டாலும் ஈரம் எட்டு சதவீதம் ஏறினால் எட்டு அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு நூல் வளர்ச்சி. நாம் விடுவதே ஒரு நூல் சந்து. அடிமுனை குடிக்கிற தண்ணீருக்கு இந்த எட்டு சதவீதம் ஒரு வார மழையில் வந்துவிடும். சாக்பீஸ் நீலம் அடியிலிருந்து இரண்டடி வரைக்கும்தான் ஒட்டியது என்பதற்கு இதுதான் அர்த்தம், தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது.

தண்ணீர் அடிக்கு எப்படி வருகிறது என்பதற்கு எங்கள் வீட்டில் மூன்று காரணம் இருந்தது. கதவு வடகிழக்கைப் பார்த்தது. கடலூரில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை, அதுவும் காற்றோடு சாய்ந்து வரும் மழை, ஒன்றரை அடி சன்ஷேடு அதற்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது, சில வருடங்களுக்கு முன் மாடிக்கு வெயில் தாங்கும் வெள்ளை ஓடு பதித்தோம், பழைய தளத்தின் மேலேயே. அதில் மாடியின் தரை இரண்டு அங்குலம் உயர்ந்தது, வாசற்படியின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்தது. மழைத்துளி ஓட்டில் விழுந்து தெறிப்பது நேராகக் கதவின் அடியில் படுகிறது. ஓடு பதிக்க நினைப்பவர்கள் கதவுப் படியின் உயரத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது காரணம் அப்பா அக்கறையோடு செய்த ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்துப் போட்டபோது இந்தக் கதவின் அடிப்பகுதி நன்றாக நனைந்துவிட்டது. அடுத்த மாதமே அப்பா வெளிப்பக்கம் அடியில் ஓரடி உயரத்துக்குத் தகரம் அடித்தார். தெருவில் பாதி வீட்டுக் குளியலறைக் கதவிலும் இதே தகரத்தைப் பார்க்கலாம், எல்லாரும் செய்கிற பாதுகாப்புதான். ஆனால் தகரத்தின் மேல்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும் தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை, காற்றும் படாது, ஆணி அடித்த ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். ஏப்ரலில் அந்தத் தகரத்தைப் பெயர்த்தபோது பின்னால் மரம் ஈரப் புட்டு மாதிரி இருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து கல்லாக இருக்க, தகரத்துக்குப் பின்னால் மட்டும், அதுவும் ஏப்ரல் வெயிலில், ஈரம்.

மழைக்காலம் முடியும் வரை தற்காலிகமாக மெழுகுவர்த்தியை உரசும் இடங்களில் அழுத்தித் தேய்த்து வைத்தேன். கதவு முனகலோடு திறந்து மூடியது. இது ஒட்டுப்போடும் வேலைதான், பின்னால் பெயிண்ட் அடிக்கும்போது மெழுகு இருந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும்.

பங்குனி கடைசியில், இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு தூறல்கூட இல்லாத நிலையில், வேலையைத் தொடங்கினேன். முதலில் திருகாணிகள். கடற்காற்றில் துருப்பிடித்துத் தலையின் வெட்டே தெரியாமல் பெயிண்டில் மூழ்கிக் கிடந்தன. வெட்டுக்குள் இருந்த பெயிண்டைக் கூரான கத்தியால் சுரண்டி எடுத்து, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் மயிரளவு திருப்பிவிட்டுப் பிறகு கழற்றும் பக்கம் திருப்பினால் பெரும்பாலானவை வந்துவிட்டன. வராத இரண்டின் தலையைத் துளைபோடும் மெஷினால் எடுக்க வேண்டியிருந்தது. கதவுக்கடியில் ஆப்பு கொடுத்து எடையைத் தாங்கவைத்து, கீழ்க் கீல், நடுக் கீல், கடைசியாக மேல் கீல் என்று கழற்றினோம். மேல் கீலை முதலில் கழற்றினால் கதவு ஆள்மேல் சாயும். வேப்பங்கதவு கனம், இரண்டு ஆள் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதில் ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எங்கள் கதவின் அடியடுக்கு பச்சை. அதனால் வறண்ட உப்புத்தாளால் தேய்த்துத் தூசி பறக்கவிடவில்லை, நெருப்பு காட்டியும் எரிக்கவில்லை. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு பட்டி போடும் தகட்டால் சுரண்டினேன், நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டேன், கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு செதில்களைச் சுருட்டிக் கட்டினேன். அக்காவின் சின்ன மகளை அந்த மூன்று நாளும் மாடிப் பக்கமே விடவில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுரண்டி முடித்ததும் கதவை நேர் வெயிலில் போட்டுவிடத்தான் தோன்றும். போடக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் வேகமாக உலர்ந்து வளைந்துகொள்ளும். நிழலில், நான்கு செங்கல் மேல், இரண்டு முகத்துக்கும் காற்றுப் படும்படி பன்னிரண்டு நாள் வைத்திருந்து தினமும் புரட்டிப் போட்டேன். மாடிக்குக் கதவு இல்லாத அந்த நாட்களில் ஒரு பழைய பிளைவுட்டை நிலையில் கட்டி வைத்திருந்தோம்.

அடியில் எங்கெல்லாம் மட்கியிருக்கிறது என்று திருப்புளி நுனியால் குத்திப் பார்த்தேன். நல்ல மரம் நுனியைத் தடுக்கும், மட்கிய மரத்தில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். தாழ்ப்பாள் பக்க நெடுஞ்சட்டத்தின் அடியில் மூன்று அங்குலமும் கீழ்க் குறுக்குச் சட்டத்தில் ஒரு கை அகலமும் போயிருந்தது, நல்லவேளையாகக் கழுந்து (ஒரு சட்டம் இன்னொன்றுக்குள் நுழைந்து இணையும் முனை) கெடவில்லை. இங்கே பெரியவர் தானே உளியை எடுத்துக்கொண்டார். எம்-சீலை அப்பி நிரப்பிவிடலாமா என்று கேட்டேன். சின்னப் பள்ளத்துக்கு அது போதும், இவ்வளவு பெரிய இடத்தில் மரம் பெருத்துச் சுருங்க, அது அசையாமல் நிற்க, ஓரத்தில் விரிசல் விடும், அந்த விரிசலில் மறுபடி தண்ணீர் நிற்கும் என்றார். நல்ல மரம் வரும் வரைக்கும் கெட்டதைச் செதுக்கி, நேர்வெட்டாக இல்லாமல் சரிவாக வெட்டி, அதே சரிவில் காய்ந்த வேப்பந்துண்டை இழைத்துப் பொருத்தி, தண்ணீர் தாங்கும் ஃபெவிகால் மரைன் போட்டு, சிக்கென்று இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டார். வரி ஓடும் திசை பழைய சட்டமும் புதுத் துண்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். கடப்பாரைப் பள்ளத்துக்கு மட்டும் எம்-சீல்.

கீல் ஓட்டைகளுக்குத் தீக்குச்சியும் ஃபெவிகாலும் திணிப்பது எல்லாரும் செய்வது, உள்ளறைக் கதவுக்கு அது போதும். இந்த எடைக்கு அது போதாது. ஓட்டையை அரை அங்குலத்துக்குப் பெரிதாக்கி, உருட்டி இழைத்த கட்டைமுளையைப் பசை தடவி அடித்து இறக்கி, காய்ந்ததும் முகத்தோடு முகமாகச் சீவிவிட்டு, அதில் புதிதாகத் துளை போட்டோம். பழைய இரும்புக் கீல்களை விட்டுவிட்டு மூன்று எவர்சில்வர் கீல், அதே உலோகத்தில் திருகாணி. கீலும் திருகாணியும் வேறு வேறு உலோகமாக இருந்தால் உப்புக் காற்றில் ஒன்று மற்றொன்றைத் தின்னும். பித்தளை போடுகிறவர்கள் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியைத் திருகிக் கழற்றிவிட்டுப் பிறகு பித்தளையை மெழுகு தடவித் திருகுங்கள், இல்லாவிட்டால் கெட்டியான மரத்தில் பித்தளைத் தலை முறிந்துவிடும்.

கீலைப் பொருத்திக் கதவை ஒரு தடவை மாட்டிப் பார்த்தோம். மேல் மூலை உரசல் தானாகவே போய்விட்டது, அங்கே இழைக்க வேண்டிய வேலையே இல்லை. மூன்று தடவை இழைத்ததில் அந்த மூலையில் வீணாகப் போன மரத்தை நினைத்தால் வருத்தமாகத்தான் இருந்தது. டிசம்பரில் போட்ட பென்சில் கோட்டுப் பகுதியில் இப்போது காய்ந்த நிலையில் இரண்டு கார்டு நுழைந்தது. அடியை மூடிவிட்ட பிறகு பழைய அளவுக்கு ஊறாது, ஆனாலும் காற்றின் ஈரத்துக்கே கொஞ்சம் பெருக்கும், பெயிண்டின் கனமும் இருக்கிறது. ஆகவே நான்கு கார்டு நுழையும் அளவுக்கு, அதாவது அரை நூல் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். கதவு உள்பக்கம் திறப்பது, சாத்தும்போது வெளிமுக ஓரம்தான் முதலில் நிலைக்குள் நுழைகிறது, அந்த ஓரத்தில் மயிரளவு கூடுதலாகச் சரித்து இழைத்தால் சந்து பெரிதாகத் தெரியாமலே கதவு இடிக்காமல் உட்காரும். அடிவிளிம்பை இழைக்கும்போது இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி இழைக்க வேண்டும். ஒரே தள்ளலில் கடைசி வரை போனால் நெடுஞ்சட்டத்தின் முனை சில்லுச் சில்லாகப் பெயரும்.

பிறகு வந்ததுதான் இந்த வேலையின் உயிர். கதவைக் குறுக்கே படுக்கவைத்து, அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் முதல் ப்ரைமர் கோட்டை டர்பன்டைன் கலந்து நன்றாக நீர்க்க அடித்தேன். சட்டமுனைகள் அதைக் கண்ணெதிரே உறிஞ்சின, பத்து நிமிடத்தில் ஈரமே தெரியவில்லை. அது உறிஞ்சுவதைப் பார்த்தபோது இத்தனை வருடம் மழைத் தண்ணீரையும் இப்படித்தானே குடித்திருக்கும் என்று இருந்தது. மறுநாள் இன்னொரு நீர்த்த கோட், அதற்கு மறுநாள் கெட்டியாக ஒன்று. மூன்றாவதில்தான் உறிஞ்சுவது நின்று மேலே பளபளப்பு நின்றது. கீல் உட்காரும் பள்ளம், தாழ்ப்பாள் துளை, பூட்டு வளையத் துளை எதையும் விடவில்லை. நிலைக்காலின் அடிமுனை தரையைத் தொடும் இடத்தில் பிரஷ் நுழையாது, அங்கே துணியில் நனைத்துத் திணித்துத் திணித்துத் தடவினேன். முகங்களுக்கு ஒரு ப்ரைமர், பட்டி பார்த்து உப்புத்தாள், மறுபடி ப்ரைமர், பிறகு எனாமல் இரண்டு கோட். இரண்டு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும். வெளிமுகத்துக்கு மூன்றும் உள்முகத்துக்கு ஒன்றும் என்றால் ஈரம் ஏறி இறங்குவது இரண்டு பக்கமும் வேறுபட்டுக் கதவு வில்லாக வளையும். நிறம் வெளிர் சாம்பல். அம்மாவுக்குப் பழைய பச்சைதான் பிடிக்கும், ஆனால் அடர் நிறம் சித்திரை வெயிலில் கொதித்துப் பெயிண்டை வெடிக்கவைக்கும் என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தேன்.

பெரியவர் முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சொன்னார். பண்ருட்டி பக்கம் முந்திரி விளைகிற பூமி, மரப் படகுகளுக்கு அந்த எண்ணெய் பூசுவது பழைய வழக்கம், பூச்சியும் தண்ணீரும் அண்டாது. மரத்துக்கு நல்லதுதான், ஆனால் தோலில் பட்டால் கொப்பளம் போட்டுவிடும், அதற்கு மேல் எனாமல் சரியாகப் பிடிக்குமா என்ற சந்தேகமும் இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். பெயிண்ட் வேண்டாம், மர நிறம் தெரிய வேண்டும் என்று லின்சீட் ஆயில் பூசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது உலரும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து வெளியே போடுங்கள்.

தகரத்துக்குப் பதிலாக அடியில் வெளிப்பக்கம் ஒரு சரிவுக் கட்டை வைத்தோம். இரண்டு அங்குல உயரம், மேல்பக்கம் வெளியே சரிந்து இறங்கும், கதவின் முகத்தை வழிந்து வரும் தண்ணீரை ஒன்றரை அங்குலம் தள்ளி வெளியே விடும். அதன் அடியில் முன்விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், இழைத்திருக்கிறது. தண்ணீர் அடிப்பக்கமாகத் தவழ்ந்து திரும்பி வரப் பார்க்கும், காடி வந்ததும் அங்கேயே சொட்டிவிடும். இதே காடி சன்ஷேடின் அடியிலும் இருந்திருக்க வேண்டும், எங்கள் வீட்டில் கட்டும்போதே விட்டுப் போயிருக்கிறது. கதவு உள்பக்கம் திறப்பதால் கட்டையின் நீளம் நிலையின் வெட்டில் இடிக்காதபடி இரண்டு பக்கமும் குறைத்தோம். பொருத்தும் முன் கட்டைக்கு ஆறு பக்கமும் ப்ரைமர், பின்பக்கம் சிலிக்கான் பசை, திருகாணி உள்பக்கத்திலிருந்து, ஆகவே வெளிமுகத்தில் ஒரு துளைகூட இல்லை.

வாசற்படியைக் கொத்தி உயர்த்த ஒரு கொத்தனார் அரை நாள் வந்தார். படியை ஒன்றேகால் அங்குலம் ஏற்றி, மாடிப் பக்கம் சரிவு கொடுத்து, நீர்த் தடுப்புக் கலவை சேர்த்துப் பூசினார். படி ஏறிய அளவுக்குக் கதவு குறையக் கூடாது என்பதால் கதவு படிக்கு உள்பக்கமாகப் போய் ஒட்டி உட்காரும்படி செய்தோம். நிலையில் கதவு வந்து சேரும் வெட்டில் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டினேன். பஞ்சு மாதிரியான பட்டை மலிவு, ஆனால் தண்ணீரைத் தானே குடித்து மரத்தின் மேல் ஈரமாகவே வைத்திருக்கும், உள்ளே குழல் மாதிரி இருக்கும் ரப்பர்தான் வாங்க வேண்டும். அடிப்பக்கம் பட்டை எதுவும் ஒட்டவில்லை, உள்ளே வந்துவிட்ட ஈரம் வெளியேற ஓர் இடமாவது வேண்டும்.

வைகாசி மாதம் முழுக்கக் கதவு ஒரு விரல் தள்ளலில் திறந்தது, ஆனால் அது பரீட்சையே இல்லை. பரீட்சை ஐப்பசியில். 2025 ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு கார்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். தாழ்ப்பாள் பக்கம் கீழே, போன வருடம் ஒரு கார்டுகூட நுழையாத இடத்தில், மூன்று நுழைந்தது. நான்காவதும் பாதி வரை போனது. அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பெயிண்ட் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அம்மா ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவைத் திறந்து, குழாய் வாயில் இருந்த இலையைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வந்தார்.

இடது கீழ் மூலையில் மட்டும் பலமாகக் காற்றடிக்கும்போது கொஞ்சம் தண்ணீர் உள்ளே வருகிறது, ஒரு கைத்துணி நனையும் அளவு. ரப்பர் பட்டை மூலையில் திரும்பும் இடத்தில் நான் வெட்டி ஒட்டிய இணைப்பு திறந்திருக்கிறது. தை பிறந்ததும் அந்த மூலையை 45 பாகைச் சாய்வில் வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும். ப்ரைமர் அரை டின் மீதி இருக்கிறது. கொல்லைப்புறக் கதவின் அடியிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அதுவும் வெறும் மரம்தான். பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பங்குனியில் கழற்ற வேண்டும்.